ஆவுடையப்பனுக்குப் போட்ட பதியம்

டொரான்டோவிலிருந்து இதய டாக்டர் ஆவுடையப்பன் ஊர் திரும்புகிறார் என்ற செய்தி பெரியாஸ்பத்திரிக்கு வந்த அன்றே டாக்டர் செண்பகவல்லிக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. டாக்டர் ஆனதால், அது அல்சர் இல்லை என்று அவளுக்கே தெரியும்.

எரியாமல் என்ன செய்யும்? வருகிறவனுக்கு அரசாங்கம் ஆற்றைப் பார்த்த மாதிரி ஒரு வீடு ஒதுக்கியது. அங்கே வாங்கிய சம்பளத்தில் ஒரு காசு குறையாமல் இங்கேயும் தருகிறோம் என்றது. இதயத்தின் மின்னோட்டத்தைப் படமாகப் பிடித்துக் காட்டும் ஒரு கருவியை அவனுக்கென்றே கப்பலில் வரவழைத்தது. இருபது வருஷமாக இங்கேயே கிடக்கிற செண்பகவல்லியின் அறையில் மின்விசிறி சுற்றும்போது கடகடவென்று சத்தம் போடும். அதை மாற்றச் சொல்லி அவள் கேட்டதற்கு, ‘ஆவன செய்யப்படும்’ என்று பதில் வந்திருந்தது.

வெளிநாட்டில் இருக்கும் விஞ்ஞானிகளையும் மருத்துவர்களையும் தாயகத்துக்கு வரவழைக்கிற இந்தத் திட்டத்துக்கு ‘வேர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓடிப்போனவனுக்கு வேர், ஓடாமல் இருந்தவளுக்கு வேர்வை என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். வெளியே சொல்லவில்லை. வெளியே அவளுக்கு ஒரு பெயர் இருந்தது.

அந்தப் பெயர் வந்த கதை இதுதான். செண்பகவல்லியும் ஆவுடையப்பனும் மருத்துவக் கல்லூரியில் ஒரே வகுப்பு. வெளிநாடு போக ஒரே பரீட்சை எழுதி இரண்டு பேரும் தேறினார்கள். சென்னையில் விசாவுக்கு ஒரே வரிசையில் நின்றார்கள், அவள் முன்னால், அவன் பின்னால். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் அவளுடைய பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் காரணம் எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அடுத்து நின்ற ஆவுடையப்பனைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான் விஷயம். ஊருக்கு வந்த செண்பகவல்லி, கேட்டவர்களிடம் எல்லாம், “போக மனசு வரல. நாமளும் போயிட்டா நம்ம ஜனங்களுக்கு யாரு இருக்கா?” என்று சொல்லி வைத்தாள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. வெளிநாட்டு வாய்ப்பை உதறித் தள்ளிய டாக்டரம்மா என்று பத்திரிகையில் எழுதினார்கள், கலெக்டர் கையால் மெடல்கூட வந்தது. உண்மை தெரிந்த ஒரே ஆள் ஆவுடையப்பன். இத்தனை வருஷத்தில் அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. அதற்காகவும் அவளுக்கு அவன்மேல் கோபம் இருந்தது.

டீன் சாலமோன் ஞானராஜ் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் தேநீர் வரவழைத்தாலே ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம்.

“நம்ம விஷமுறிவு வார்டை இனிமே மையமா ஆக்குறாங்க, செண்பகம். ஆவுடையப்பன்தான் தலைவர். நீங்க துணைத் தலைவர்.”

“அந்த வார்டை ரெண்டு கட்டிலோட ஆரம்பிச்சவ நான், சார்.”

“தெரியும்மா. அதனாலதான் உங்ககிட்ட ஒரு உதவி கேக்குறேன்.” டீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதுக்கு முன்னால திரும்பி வந்தவங்கள்ல பாதிப் பேரு ஒரு வருஷம் தாங்கல. மறுபடியும் பெட்டியக் கட்டிட்டாங்க. சம்பளத்துல குறையில்ல, வசதியில குறையில்ல. இங்க வேலை எப்படி நடக்குங்கிறதுதான் புரியல. ஒருத்தரு பெரிய மூளை சர்ஜன். ஸ்கேன் ரூம் சாவி யார்கிட்ட இருக்கும்னு தெரியாம அரை நாள் வராந்தாவுலயே நின்னிருக்காரு. நோயாளி கூட வந்தவங்க எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா யாருக்குப் பதில் சொல்லணும்னு தெரியாம அழுதே போட்டாராம்.”

“பழகுனா சரியாப் போகும்.”

“பழகுறதுக்கு வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் யாரு இருக்கா? அதான் இப்ப பதியம் போடுறாங்க. இங்கேயே இருந்து வேலை பாத்த ஒருத்தரோட பழக்கத்தை மூளையில இருந்து படி எடுத்து, வர்றவர் மூளையில பதிய வைக்கிறது. குடுக்கிறவங்களுக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. வாங்குறவரு மொத நாளே இருபது வருஷம் இங்க இருந்த மாதிரி வேலை பார்ப்பாரு.”

யாருடைய இருபது வருஷம் என்று அவள் கேட்கவில்லை. அவர் பார்வையிலேயே தெரிந்தது. வீடு அவனுக்கு, பதவி அவனுக்கு. மிச்சம் இருந்தது இது ஒன்றுதான், இதையும் கொடு என்கிறார்கள்.

“நான் மாட்டேன்னா?”

“நம்ம டாக்டர் சேவியர் சம்மதிச்சிருக்காரு. அப்புறம் துணைத் தலைவரா அவரத்தான் போடணும்.”

செண்பகவல்லி சம்மதித்தாள்.

பதியம் எடுக்கிற அறை பழைய எக்ஸ்ரே பிரிவில் இருந்தது. பிருந்தா என்ற டெக்னீஷியன் பெண் அவள் தலையில் ஒரு தொப்பியை மாட்டினாள். எதிரே திரையில் வார்டின் காட்சிகள் ஒவ்வொன்றாக வரும். அவள் பார்த்துக்கொண்டு, வழக்கமாக என்ன செய்வாளோ அதை நினைத்தால் போதும்.

“என் சொந்த விஷயமெல்லாம் அவருக்குத் தெரிஞ்சு போகுமா?” என்று செண்பகவல்லி கேட்டாள்.

“நினைவு போகாது மேடம், பழக்கம்தான் போகும். அடிக்கடி செஞ்சது, அடிக்கடி நெனச்சது. அதெல்லாம்தான் ஆழமா தடம் விழுந்திருக்கும். அதைத்தான் இது புடிக்கும்.”

சாவிக்கொத்து, ரத்த வங்கி, கூச்சல் போடும் உறவினர்கள் எல்லாம் வந்து போயின. எல்லாவற்றையும் கொடுத்தாள். பிறகு திரையில் ஒரு இளம்பெண் படுத்திருந்தாள், பக்கத்தில் மாமியார். செண்பகவல்லியின் மனம் அந்த இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டது.

இந்தப் பக்கத்தில், இதயத்தையே நிறுத்திவிடும் அரளி விதையை அரைத்துக் குடித்துவிட்டு வருகிற பெண்கள் அதிகம். வீட்டார் யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் என்றால் ஆர்.டி.ஓ. விசாரணை, போலீஸ், ஊர்ப்பேச்சு எல்லாம் வரும். ‘சாப்பிட்டது ஒத்துக்கல’ என்பார்கள். அந்தப் பெண்ணும் மாமியார் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்பாள். விஷமுறி மருந்தோ விலை கூடியது, விஷம் என்று தெரியாமல் அதை ஏற்ற முடியாது. செண்பகவல்லி இதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். மாமியார் கையில் பிளாஸ்கைக் கொடுத்து வெந்நீர் வாங்க அனுப்பிவிடுவாள். பிறகு குனிந்து, சாப்பிட்டாயா என்று கேட்காமல், ‘எத்தனை?’ என்று மட்டும் கேட்பாள். சாப்பிட்டாயா என்றால் இல்லை என்று சொல்லிவிடலாம். எத்தனை என்று கேட்டால் பதில் தானாக வந்துவிடும். இதை அவளுக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. இரண்டு சாவுகளுக்குப் பிறகு அவளாகக் கண்டுபிடித்தது.

இதை அவனுக்குத் தர முடியாது என்று முடிவு செய்தாள். திரையில் அந்தப் பெண் தெரிந்த நேரம் முழுக்க, ரயில்வே ஸ்டேஷன்களை வரிசையாக நினைத்துக்கொண்டிருந்தாள். தாழையூத்து, கங்கைகொண்டான், நாரைக்கிணறு, மணியாச்சி, கடம்பூர். அடுத்த இரண்டு நாளும் அந்தக் காட்சி வந்தபோதெல்லாம் ரயிலை ஓட்டினாள். பிருந்தாவுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆவுடையப்பன் வந்தான். தலை நரைத்திருந்தது, தொப்பை இல்லை. அவனுக்குத் தொப்பை இல்லாததும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பதியம் போட்டு முடிந்து, முதல் நாள் காலையில் வார்டுக்குள் நுழைந்தவன் நேரே போய், “ஏ முப்பிடாதி, மூணாம் கட்டிலுக்கு விரிப்பு மாத்தலையா? கேட்டா சலவைக்காரன் வரலைம்ப,” என்றான். ஆயா முப்பிடாதி வாயைப் பிளந்தாள். அந்த அதட்டலும், அதட்டிவிட்டுப் பேனாவால் இரண்டு தட்டுத் தட்டுவதும், அச்சு அசல் செண்பகவல்லி. ரத்த வங்கிக்காரரிடம் எப்படிக் கெஞ்ச வேண்டும், எப்போது மிரட்ட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பத்துப் பேர் ஒன்றாகக் கத்தினால் மூலையில் பேசாமல் நிற்கும் ஆளிடம்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. அவள் திட்டு வாங்கி, அழுது, நடையாய் நடந்து கற்றது எல்லாம் அவனுக்கு மூன்றே நாளில் கிடைத்துவிட்டது.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். வருஷக்கணக்காக அவளிடம் மட்டுமே சர்க்கரைக்கு மருந்து வாங்குகிற வேலம்மாள் ஒரு நாள் அவள் அறையைத் தாண்டி அவன் அறைக்குப் போனாள். திரும்பும்போது எட்டிப் பார்த்து, “புது டாக்டரு ஒங்கள மாதிரியேதான் பேசுதாரு தாயி. என்ன, அவரு சிரிச்சுப் பேசுதாரு,” என்று சொல்லிவிட்டுப் போனாள். செண்பகவல்லிக்கு அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

மறு வாரம் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பெயர் இசக்கியம்மாள், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. டிரைவர் இல்லாமல் தானாக ஓடும் ஆம்புலன்ஸிலிருந்து மாமியாரும் நாத்தனாரும் அவளைத் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். வாந்தி, மயக்கம், நாடித்துடிப்பு மிகவும் மெதுவாக இருந்தது.

“கோயில் கொடையில சாப்பிட்ட கறி ஒத்துக்கல, அய்யா,” என்றாள் மாமியார்.

செண்பகவல்லி பக்கத்து அறை வாசலில் நின்றாள். மாமியாரின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. உள்ளே போக ஒரு அடி எடுத்து வைத்தவள் நின்றாள். அவன் என்ன செய்கிறான் என்று பார்க்கலாமே. ஒரே ஒரு தடவை, எல்லோர் முன்னாலும் அவன் திகைத்து நிற்கட்டும், பிறகு போய்ச் சொல்லிவிடலாம். இப்படி நினைத்தது மருத்துவம் படித்த ஒரு பெண், அதுவும் மெடல் வாங்கியவள்.

“ஏதாவது சாப்பிட்டியாம்மா?” என்று ஆவுடையப்பன் எல்லோர் எதிரிலும் கேட்டான்.

இசக்கியம்மாள் மாமியாரைப் பார்த்தாள். “இல்ல.”

அவன் அடுத்து ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினான். அவன் உதடுகள் மட்டும் அசைந்தன. நெற்றியைத் தேய்த்துக்கொண்டான், மறுபடியும் உதடுகள் அசைந்தன. நர்ஸ்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அவன் தனக்குச் சொந்தமான வித்தைக்குத் திரும்பி, “இதயத்துக்குள்ள கரன்ட் தடைப்படுது. பேஸ்மேக்கர் எடுங்க,” என்றான்.

இன்னும் ஒரு நிமிஷம் என்று செண்பகவல்லி நினைத்தாள். நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. அதற்குள் அந்தப் பெண்ணின் கண்கள் செருக ஆரம்பித்தன.

செண்பகவல்லி உள்ளே ஓடினாள். “பெரியம்மா, இந்தாங்க பிளாஸ்க். வெளிய கடையில போயி வெந்நீ வாங்கிட்டு வாங்க. மருந்து குடுக்கணும், ஓடுங்க. நீயும் கூடப் போம்மா.” இருவரும் கதவைத் தாண்டியதும் குனிந்து பெண்ணின் காதருகே, “எத்தனை, தாயி?” என்றாள்.

“ஆறு வெதை...”

விஷமுறி மருந்தை ஏற்றுவதற்குள் இதயம் ஒரு தடவை நின்றே விட்டது. ஆவுடையப்பன் கட்டில்மேல் ஏறி நெஞ்சை அழுத்தினான். செண்பகவல்லி மருந்தைச் செலுத்திவிட்டு அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டாள். அதில் மருதாணிச் சிவப்பு இன்னும் போகவில்லை. நாடி திரும்பி வந்ததும் அவள் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

மறுநாள் இசக்கியம்மாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் ஆவுடையப்பன் செண்பகவல்லியை கேன்டீனுக்குக் கூப்பிட்டான். இரண்டு டீ வாங்கி வந்து எதிரே உட்கார்ந்தான்.

“செண்பகம், ஒண்ணு கேக்கட்டா? தாழையூத்து, கங்கைகொண்டான், நாரைக்கிணறு, மணியாச்சி. இது என்னது?”

அவள் டீயைத் தொடவில்லை.

“அந்தப் பொண்ணு பக்கத்துல நிக்கேன். அடுத்து என்ன செய்யணும்னு மனசு தேடுது. வழக்கமா தானா வந்துரும், அப்படித்தானே பதியம் போட்டிருக்காங்க. அந்த எடத்துல மட்டும் ரயிலு ஓடுது. கோவில்பட்டி போச்சு, சாத்தூர் போச்சு, ஒண்ணும் கெடைக்கல. இதுல கொடுமை என்னன்னா, வீட்டாளுங்க விஷத்தை மறைப்பாங்கன்னு எனக்கே தெரியும். எங்க அக்கா அரளி வெதையிலதான் போனா. வயித்துவலின்னு எங்க அம்மா டாக்டர்ட்ட பொய் சொன்னப்ப நான் பக்கத்துலயே நின்னேன். இந்த வார்டுல வேலை பாக்கணும்னுதான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன். ஆனா எனக்குத் தெரிஞ்சதை ஒம் பழக்கம் முந்திக்கிட்டுது.”

சமாதானம் சொல்ல அவள் எத்தனையோ யோசித்து வைத்திருந்தாள். அத்தனையையும் விட்டுவிட்டாள்.

“பொறாமை, ஆவுடை. வேற ஒண்ணுமில்ல.”

அவன் சிரித்தான். “அது எனக்குத் தெரியாதா? அதுதான் குறையில்லாம வந்திருக்கே. காலையில ஷேவ் பண்ணும்போது கண்ணாடியப் பார்த்தா எனக்கே பத்திக்கிட்டு வருது. இவனுக்கு மட்டும் என்ன ஆத்தங்கரை வீடு, இவனுக்கு மட்டும் என்ன புது மெஷினு, நேத்து வந்தவன்தானேன்னு. சொன்னா நம்புவியா, அந்த வீட்டுல கட்டில்ல படுத்தா தூக்கம் வரல. தரையில படுக்கேன்.”

செண்பகவல்லிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

“அதோட முடியல. தூத்துக்குடிக்கு வர்ற விமானம் சத்தம் கேட்டா என் தலை தானா மேல போகுது. போயிரணும், எப்படியாவது போயிரணும்னு அடிச்சுக்குது. அங்க இருந்தப்ப எனக்கு அப்படி ஒரு எண்ணமே கெடையாது. பனியில பஸ்ஸுக்கு நிக்கும்போதெல்லாம் இந்த ஊரத்தான் நெனப்பேன். இப்ப ஊருல நின்னுக்கிட்டு, போகணும் போகணும்னு துடிக்கேன். நீ எத்தனை தடவை நெனச்சிருந்தா, செண்பகம், அது இவ்வளவு ஆழமா எறங்கியிருக்கும்!”

“எடுத்துரலாம்ல? பிருந்தாகிட்ட கேட்டியா?”

“கேட்டேன். வேர் புடிச்சிட்டுதாம்.”

வெளியே மருந்துச் சீட்டுக்கு நின்றவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் எழப் போய், ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள்.

“ஒண்ணு சொல்லட்டுமா?” என்றாள் செண்பகவல்லி. “இருபது வருஷம் இங்க இருந்திருக்கேன். இந்த ஊர்ல இருக்கணும்னு ஒரு நாள்கூட எனக்குத் தோணுனதில்ல. நீ அங்க இருந்துக்கிட்டு தெனமும் ஆசைப்பட்டிருக்கே. இப்ப அதுக்கும் எனக்குப் பொறாமையா இருக்கு.”

அவன் அவளுடைய டீயையும் எடுத்துக் குடித்தான். ஆறிப்போயிருந்தது.

இசக்கியம்மாள் விஷயத்தில் செண்பகவல்லி செய்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் தாக்குப் பிடித்துப் பார்த்தான். புதுக் கருவியை எப்படி இயக்குவது என்று செண்பகவல்லிக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தான். நடுநடுவே காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தான், பிறகு மன்னிப்புக் கேட்டான். நல்ல வெயில் காலத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தான். டீன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், வீட்டை இன்னும் பெரிதாகத் தருகிறேன் என்றார். “வேண்டாம் சார், அப்புறம் அந்த வீட்டுல இருக்கிற ஆளு மேல எனக்கு இன்னும் வெறுப்பா இருக்கும்,” என்றான் ஆவுடையப்பன்.

செண்பகவல்லியும் டீனும் அவனை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்புறம் அவன் பெட்டியை உருட்டிக்கொண்டு போனான். அவன் அழுகிறான் என்று நன்றாகத் தெரிந்தது. அப்படியும் அவளுக்கு வயிறு எரிந்தது. தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மையத்தின் தலைவர் நாற்காலி அவளுக்கு வந்தது. ஆற்றங்கரை வீடும் வந்தது. பேச யாரும் வரவில்லை.

ஒரு நாள் டீன் மறுபடியும் கூப்பிட்டு அனுப்பி, தேநீர் வரவழைத்தார்.

“சிட்னியில இருந்து ஒரு அம்மா வர்றாங்க, சிறுநீரக டாக்டர். பதியம் போடணும். ஆனா இந்தத் தடவ சென்னையில இருந்து ஒரு நிபந்தனை போட்டிருக்காங்க. எல்லா மாவட்டத்துலயும் இதே கதைதானாம். பதியம் போட்டுக்கிட்ட அத்தனை பேரும் போகணும் போகணும்னு கெளம்பிட்டாங்க. மெஷின்ல கோளாறு இல்ல, குடுத்த ஆளுங்க மனசுலதான் கோளாறுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. அதனால, விருப்பப்பட்டு இங்க இருக்கிற ஒரு டாக்டர்கிட்ட இருந்துதான் எடுக்கணுமாம். நீங்க வெளிநாட்ட உதறிட்டு...”

“எனக்கு விசா கெடைக்கல, சார்.”

டீன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு பெருமூச்சு விட்டார். “எனக்கு ஓமன். ஏஜென்ட் ஏமாத்திட்டான்.”

“சேவியர்?”

“மக படிப்பு முடியட்டும்னு காத்துக்கிட்டிருக்காரு. அயர்லாந்துல வேலை ரெடி. சின்ன டாக்டருங்க அத்தனை பேரும் பரீட்சைக்குப் படிக்கிறாங்க. யோசிச்சுச் சொல்லுங்க, செண்பகம். இந்த ஊர்லதான் இருக்கணும், இந்த ஜனங்களத்தான் பாக்கணும்னு உண்மையிலேயே ஆசைப்பட்ட ஒரு டாக்டர், ஒரே ஒருத்தர் போதும்.”

செண்பகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஒருத்தர் இருந்தாரு, சார்,” என்றாள். “அவரத்தான் நாம ஏர்போர்ட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வந்தோம்.”